மந்தரத்துக்குத் துணைத் தந்தி: பேஸ் கிட்டாரும் சப்ரகமுவத் தோட்டங்களும்

1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா, அடுத்த பத்தாண்டுக்குள் தமிழ்ச் சினிமாப் பாட்டின் அடித்தளத்தையே மாற்றிவிட்டார். அதுவரை பேஸ் கிட்டார் தாளத்துக்கு முட்டுக்கொடுத்து நின்றது. அவர் கைக்கு வந்தபின், பாடுகிறவரின் மெட்டுக்குக் கீழே தனக்கென ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியது. சப்ரகமுவ மாகாணத்தின் இறக்குவானை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் அந்தப் பாட்டுகள் இலங்கை வானொலி வழியாகவும் பிறகு கசெட் வழியாகவும் வந்து சேர்ந்தன. கேட்டவர்கள் பாட்டை மட்டும் முணுமுணுக்கவில்லை. பேஸ் ஓட்டத்தையும் வாயால் ‘தும் துதும்’ என்று போட்டுக் காட்டினார்கள்.

யோசித்துப் பார்த்தால் இது நடந்திருக்கவே கூடாது. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடித்தந்தி ‘ஈ’ சுரத்துக்குச் சேர்க்கப்படுகிறது. அதன் அதிர்வு வினாடிக்கு 41.2. உள்ளங்கை அகல ஒலிபெருக்கியுள்ள டிரான்சிஸ்டர் வானொலி, வினாடிக்கு 150 அதிர்வுக்குக் கீழே பெயருக்குத்தான் எதையாவது தரும். அதாவது பேஸ் கிட்டார் வாசித்த பெரும்பாலான சுரங்களின் அடி அதிர்வு அந்தப் பெட்டியிலிருந்து வெளியே வரவே இல்லை. வராத ஒன்றை லயத்துப் பிள்ளைகள் எப்படிக் கேட்டார்கள்?

விடை 1840களிலேயே ஜெர்மனியில் கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் சீபெக் என்ற இயற்பியலாளர், துளையிட்ட வட்டைச் சுழற்றிக் காற்றை ஊதி எழுப்பிய ஒலிகளை ஆராய்ந்தபோது, அடி அதிர்வு மிகவும் மெலிந்திருந்தாலும் காது அதே சுரத்தைத்தான் கேட்கிறது என்று கண்டார். 1940 வாக்கில் டச்சு அறிஞர் ஸ்கௌட்டன் அதை மேலும் திருத்தமாக நிறுவினார். ஒரு தந்தியை மீட்டினால் அதன் அடி அதிர்வோடு, அதன் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என மேல் அதிர்வுகளும் கூடவே பிறக்கின்றன. கீழே உள்ளவை அறுந்துபோனாலும், மேலே உள்ளவற்றுக்கிடையே இருக்கும் சம இடைவெளியைக் கொண்டு மூளை அடி அதிர்வைக் கணக்கிட்டு நிரப்பிக்கொள்கிறது. சிறிய வானொலியில் கேட்ட பேஸ் பாதி இசைக்கலைஞர் வாசித்தது. மீதி கேட்டவர் தலைக்குள் உருவானது.

பேஸ் கிட்டாரில் ஸ்தாயித் தந்திகளைக் கூடுதலாகக் கட்டி வாசிக்கும் முறையைப் பற்றி எழுதப் புகும்போது இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கு மெல்லிய தந்தியோ எட்டு மெல்லிய தந்தியோ கூடியிருப்பதைப் பார்த்து, அது மேடை அலங்காரம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். என் கருத்து வேறு. தாழ்ந்த சுரம் காதுக்குப் போய்ச் சேருவதற்கு மேல் அதிர்வுகள்தான் வண்டி என்றால், அந்த வண்டியைப் பலப்படுத்தும் கருவி மிகவும் தேவைப்படுவது நல்ல ஒலிபெருக்கி இல்லாத இடத்தில்தான். சப்ரகமுவத் தோட்டங்கள் அப்படிப்பட்ட இடம்.

கருவியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லியோ ஃபெண்டர் 1951இல் மின் பேஸ் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். தந்தி நீளம் 34 அங்குலம். கனமான, மேலே கம்பி சுற்றிய தந்திகள். ஒரு தந்தி எவ்வளவு தடிக்கிறதோ அவ்வளவு விறைக்கிறது. விறைத்த தந்தியில் மேல் அதிர்வுகள் சீக்கிரம் அடங்கிவிடும். ஆரம்பகாலப் பதிவுகளில் பேஸ் மொத்தென்று கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1967இல் சுவீடனின் ஹாக்ஸ்ட்ரோம் நிறுவனம் எட்டுத் தந்தி பேஸை விற்பனைக்கு விட்டது. நான்கு தடித்த தந்திகள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு ஸ்தாயி மேலே சேர்த்த ஒரு மெல்லிய தந்தி. ஒரே விரல் இரண்டையும் சேர்த்து அழுத்தும். 1976இல் லெட் செப்பலின் ஜான் பால் ஜோன்ஸ், ‘அக்கிலீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்’ என்ற பத்து நிமிடப் பாட்டில் அலெம்பிக் நிறுவனத்தின் எட்டுத் தந்திக் கருவியை வாசித்தார். குதிரைப் பாய்ச்சலான அந்தப் பாட்டில் பேஸ் எங்கேயும் புதைந்துபோகவில்லை.

பன்னிரண்டு தந்திக்கு அடிபோட்டவர் அமெரிக்காவின் ராக்ஃபோர்டு நகரத்து ‘சீப் டிரிக்’ குழுவின் டாம் பீட்டர்சன். ஒவ்வொரு தடித்த தந்திக்கும் இரண்டு ஸ்தாயித் தந்தி வேண்டும் என்று 1970களின் பிற்பகுதியில் ஹேமர் கிட்டார் பட்டறையிடம் கேட்டார். பட்டறையில் இருந்த ஜோல் டான்ட்சிக் தயங்கினார். அவ்வளவு இழுவையைக் கழுத்து தாங்குமா என்பது அவருடைய கவலை. முதலில் பத்துத் தந்தியில் ஒன்றைச் செய்து பார்த்து, கழுத்து நின்றபிறகே பன்னிரண்டுக்குப் போனார்கள். பின்னால் ‘கிங்ஸ் எக்ஸ்’ குழுவின் டக் பின்னிக் அதைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார். 1991இல் ‘பேர்ள் ஜாம்’ குழுவின் ஜெஃப் அமென்ட் ‘ஜெரமி’ பாட்டை ஒரு ஹேமர் பன்னிரண்டு தந்தியில் தொடங்கியபோது, அதைக் கேட்ட பலருக்கு வாசிப்பது பேஸ் என்றே தெரியவில்லை. இதில் கவனிக்கத்தக்கது ‘கிங்ஸ் எக்ஸ்’. அதில் மூன்றே பேர். கிட்டார்க்காரர் தனி வாசிப்புக்குப் போனால் கீழே வெறுமை விழும். பன்னிரண்டு தந்தி அந்த வெறுமையை ஒற்றை ஆளாக நிரப்புகிறது. ஆள் பற்றாக்குறைதான் இந்தக் கருவியை வளர்த்த தாய் என்று சொல்லலாம்.

ஆள் பற்றாக்குறையைத் தோட்டத்துப் பஜனைக் கோஷ்டி நெடுங்காலமாக அறியும். மார்கழிப் பஜனையில் பாடுகிறவர் பலர்; வாத்தியம் என்று பார்த்தால் ஓர் ஆர்மோனியப் பெட்டி, ஒரு டோலக் அல்லது மிருதங்கம், சில ஜால்ரா. அந்த ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்லவருவது உடனே விளங்கும். ஒரு கட்டைக்கு ஒரே ரீட் உள்ள பெட்டி மலிவு. சற்று விலை கூடியதில் ஒரு கட்டைக்கு இரண்டு ரீட்; ஒன்று தாழ்ந்த ஸ்தாயி, மற்றது அதற்கு மேல் ஸ்தாயி. இன்னும் நல்ல பெட்டியில் கப்ளர் இருக்கும். ஒரு கட்டையை அழுத்தினால், உள்ளே ஓடும் கம்பி நெம்பி ஒரு ஸ்தாயி தள்ளியுள்ள கட்டையும் தானாகவே இறங்கும். விரல் ஒன்று, ஒலி இரண்டு ஸ்தாயி. ஐம்பது பேர் கூடிப் பாடும்போது ஒற்றைப் பெட்டி அமுங்காமல் நிற்பது இந்தச் சூட்சுமத்தால்தான். ஹாக்ஸ்ட்ரோம் எட்டுத் தந்தியில் செய்ததும் இதே வேலை.

இன்னும் பின்னே போனால் தம்புரா. பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம் என நான்கு தந்திகள். நடுவிலுள்ள இரண்டும் ஒரே ஸட்ஜம். கடைசித் தந்தி அதற்கு ஒரு ஸ்தாயி கீழே. ஒரு தாழ்ந்த தந்திக்கு மேல் ஸ்தாயியில் இரண்டு தந்தி துணை! பீட்டர்சன் கேட்ட அமைப்பின் விகிதம் தம்புராவில் அப்படியே இருக்கிறது. ஒரே வித்தியாசம், தம்புராவில் அவை ஒன்றன்பின் ஒன்றாக மீட்டப்படும். பேஸில் ஒரே வீச்சில் அதிரும். தம்புராவின் மந்தரம் ஏன் அவ்வளவு ஒளியோடு கேட்கிறது என்ற கேள்வியை சி. வி. ராமன் எடுத்துக்கொண்டு 1921இல் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். மீட்டும் இடத்தில் எந்த மேல் அதிர்வுக்குக் கணு (அதிராமல் நிற்கும் புள்ளி) இருக்கிறதோ அது பிறக்கக்கூடாது என்பது அதுவரை ஐரோப்பியர் ஒப்புக்கொண்ட விதி. தம்புராவிலும் வீணையிலும் அந்த அதிர்வுகளும் தெளிவாக ஒலிப்பதை ராமன் கண்டார். குதிரையின் வளைந்த மேற்பரப்பைத் தந்தி தொட்டுத் தொட்டு விலகுவதே காரணம் என்றார். தம்புராவில் அந்தத் தொடுதலைச் சரிசெய்யத்தான் நூலை நுழைத்து நகர்த்துகிறார்கள். தடித்த தந்திக்கு இல்லாத மேல் அதிர்வுகளை நம் கைவினைஞர் குதிரையைச் செதுக்கிக் கொண்டுவந்தார்கள். மின் கிட்டார் செய்தவர்கள் கூடுதல் தந்தியைக் கட்டிக் கொண்டுவந்தார்கள். தேவை ஒன்றுதான்.

இனி லயத்துக்கு வருவோம். பழைய லயக் காம்பிராவின் அளவு என்று எல்லோரும் சொல்வது 10 அடிக்கு 12 அடி. அடித்தந்தி ‘ஈ’யின் ஒலியலை காற்றில் 8.3 மீட்டர் நீளம். 12 அடி என்பது 3.66 மீட்டர். அந்த அலையில் பாதிகூட இந்தச் சுவர்களுக்குள் அடங்காது. இவ்வளவு நீளமுள்ள அறை தன் சொந்தத் துணையைக் கொடுத்துத் தூக்கிவிடக்கூடிய மிகத் தாழ்ந்த அதிர்வு சுமார் 47. அதற்குக் கீழே உள்ள சுரத்துக்கு அறை கைகொடுக்காது; தகரக் கூரையும் கதவிடுக்கும் அதை வெளியே விட்டுவிடும். பக்கத்துக் காம்பிராவில் தூங்குகிறவருக்குத்தான் அது தொந்தரவாகப் போய்ச்சேரும். அதே ‘ஈ’யின் மேல் ஸ்தாயி, வினாடிக்கு 82.4 அதிர்வு, 4.2 மீட்டர் அலை. அதன் பாதி அறைக்குள் தாராளமாக நிற்கும். ஆகவே லயத்துக்குள் பழகுகிற இளைஞன் சிறிய பெட்டியில் மெல்ல வாசித்தாலும், ஸ்தாயித் தந்தி இருந்தால் தன் சுரம் சரியா பிழையா என்பதைத் தெளிவாகக் கேட்பான்.

திருவிழா மேடையில் நிலைமை இன்னும் கடினம். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளை மலைமேல் ஏற்றிக்கொண்டுவர எல்லாத் தோட்டத்துக்கும் வசதிப்படுவதில்லை. மரத்தில் கட்டிய புனல் ஒலிபெருக்கி தூரத்து லயம்வரை கொண்டுசேர்க்கும். ஆனால் வினாடிக்கு ஏறத்தாழ 300 அதிர்வுக்குக் கீழே அதற்கு வாயில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். அடித்தந்தி ‘ஈ’யின் மேல் அதிர்வுகளில் எட்டாவதுதான் 330. முதல் ஏழும் போய்விட்டன. தடித்த தந்தியில் எட்டாவது அதிர்வு ஏற்கெனவே மெலிந்தது. ஸ்தாயித் தந்தியிலோ நான்காவது அதிர்வே 330, அது பலமானது. புனல் அதைத் தாங்கிக்கொண்டு போகும். தூரத்தில் நிற்பவர் காதில் அது ஒரு ஸ்தாயி மேலேயே விழக்கூடும். விழட்டும், சுரம் அதேதான், நடையும் அதேதான். மேடையருகே நிற்பவருக்குத் தடித்த தந்தியின் உடம்பும் சேர்ந்து கிடைக்கும்.

சப்ரகமுவ மண்ணுக்குக் கிட்டார் புதிதல்ல என்பதையும் இங்கே பதிந்தாக வேண்டும். சிங்கள மெல்லிசையில் மின் கிட்டாரை வேரூன்றச் செய்த கிளாரன்ஸ் விஜேவர்தன, ஊவாவின் அப்புத்தளையில் 1943இல் பிறந்தவர். இரத்தினபுரியை அடுத்த ஹப்புகஸ்தென்ன தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1960களின் நடுவில் அன்னெஸ்லி மாலேவனவோடு சேர்ந்து அவர் தொடங்கிய ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழு இரத்தினபுரியிலிருந்தே புறப்பட்டது. இலங்கை வானொலியின் விஜய கொரயா அவர்களை நாடறியச் செய்தார். அதே பத்தாண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ என்று கிட்டாரோடு வந்து தமிழ்ப் பொப் பாட்டுக்கு வழி திறந்தார், பின்னால் ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யைக் கடல் கடந்தும் கொண்டுபோனார். தோட்டத்துக்குள்ளேயே மின் கிட்டார் இருந்தது. தமிழிலேயே கிட்டார்ப் பாட்டும் இருந்தது. இருந்தும் லயத்துப் பிள்ளையின் கைக்கு அந்தக் கருவி வர வெகுகாலம் ஆனது. உத்தியோகத்தர் குடியிருப்புக்கும் லயத்துக்கும் இடையே நடந்தால் சில நிமிடம். சம்பளத்தில் அது எட்டாத தூரம். கொழுந்து எடுத்தும் ரப்பர் பால் வெட்டியும் நாட்சம்பளம் வாங்கும் வீட்டில் கிட்டாருக்கு ஒதுக்கக் காசு ஏது? தோலைக் கட்டி நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றும் தப்பு, காமன் கூத்துக்கும் சாவுக்கும் திருவிழாவுக்கும் ஒருசேர ஒலித்தது. அதன் பெருமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தப்பு மட்டுமே தோட்டத்தின் இசை என்று ஆய்வாளர்கள் கோடு போடும்போது, கிட்டாருக்கு ஏங்கிய தலைமுறைகள் அந்தக் கோட்டுக்கு வெளியே விடப்படுகின்றன. அது எனக்கு வருத்தம் தருகிறது.

சப்ரகமுவத் தோட்டங்களுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. நுவரெலியாப் பக்கம்போல் தோட்டத்தை ஒட்டித் தோட்டமாகத் தொடர்ந்து கிடப்பவை அல்ல. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாக இருப்பவை. மேடை ஏறும் கோஷ்டி சினிமாப் பாட்டும் போடவேண்டும், அடுத்ததாகப் பைலாவும் போடவேண்டும். பைலாவின் ஆறெட்டு நடையில் பேஸ் துள்ளாவிட்டால் ஆட்டம் சோர்ந்துவிடும். துள்ளலைக் காதுக்குக் காட்டுவது சுரத்தின் தொடக்க நொடி. தடித்த தந்தி தன் சுரத்தை எட்டிப்பிடிக்கும் முன்பே மெல்லிய தந்தி பளிச்சென்று பேசிவிடும். சினிமாப் பாட்டின் ஓடும் பேஸுக்கும், பைலாவின் துள்ளும் பேஸுக்கும் ஒரே கருவி பொருந்துவதற்கு இது காரணமாகிறது.

வாசிப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய கஷ்டங்களும் உண்டு. முதலாவது இழுவை. 34 அங்குல நீளத்தில் 0.014 அங்குல எஃகுத் தந்தியை, ‘ஜி’யின் மேல் ஸ்தாயியான வினாடிக்கு 196 அதிர்வுக்கு முறுக்கினால், அது சுமார் 9 கிலோ எடைக்குரிய விசையோடு இழுக்கும். தடித்த தந்தி ஒன்று சாதாரணமாக 18, 19 கிலோ. ஆகவே பன்னிரண்டு தந்திக் கருவியின் கழுத்து, நான்கு தந்திக் கருவியைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சுமக்கிறது. டான்ட்சிக்கின் தயக்கம் நியாயமானதே. கழுத்துக்குள் ஒன்றுக்குப் பதில் இரண்டு இரும்புக் கம்பி வைப்பது ஒரு வழி. தந்தி நீளத்தைக் குறைப்பது இன்னொன்று: 34இலிருந்து 30.5 அங்குலத்துக்கு இறங்கினால், அதே தந்தியில் அதே சுரத்துக்கு இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறையும். சிறிய கைக்கும் அது வசதி.

இரத்தினபுரிக்கு இன்னொரு வில்லங்கம் இருக்கிறது: மழை. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மண்ணில் மரம் சும்மா இருக்காது. ஆர்மோனியக் கட்டை ஊதி ஒட்டிக்கொள்வதைப் போலவே கிட்டார்க் கழுத்தும் வளையும். மெல்லிய ஸ்தாயித் தந்தி சுற்றில்லாத வெறும் எஃகு. முதலில் துருப்பிடிப்பது அதுதான். துரு ஏறிய தந்தி சுரம் பிசகும். மேல் அதிர்வுகளையும் இழக்கும். எதற்காக அதைக் கட்டினோமோ அந்தக் காரணமே போய்விடும். வாசித்து முடித்தவுடன் ஒவ்வொரு தந்தியையும் உலர்ந்த துணியால் அடிவரை துடைத்துவைப்பதும், ஸ்தாயித் தந்தியை மட்டும் அடிக்கடி மாற்றுவதும் இந்தச் சீதோஷ்ணத்துக்குத் தப்பமுடியாத செலவு. நல்லவேளை, பேஸ் தந்தியோடு ஒப்பிட்டால் வெறும் எஃகுத் தந்தி மலிவு.

சுருதி சேர்ப்பதில் ஒழுங்கு முக்கியம். முதலில் நான்கு தடித்த தந்திகளையும் சேர்த்து முடிக்கவேண்டும். கழுத்தின் பெரும்பாரம் அவைதான். அவை நிலைக்கும் முன் மெல்லியதைத் தொட்டால் திரும்பத் திரும்பச் சேர்க்க நேரும். பிறகு ஸ்தாயித் தந்திகளை ஒவ்வொன்றாக ஏற்றிக் காதைக் கொடுத்துக் கேட்கவேண்டும். ‘ஈ’யின் ஸ்தாயித் தந்தி 82.4க்குப் பதில் 83.4இல் நின்றால், தடித்த தந்தியின் இரண்டாவது அதிர்வோடு மோதி வினாடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும். அந்த அலைவு மெதுவாகி மெதுவாகி நிற்கும் இடமே சரியான சுருதி. தம்புரா சேர்க்கிறவர்கள் செய்வதும் இதுதான். பன்னிரண்டு தந்தியில் ஸ்தாயித் தந்திகள் இரட்டையாக இருப்பதால் அவ்விரண்டுக்கும் நடுவில் மட்டும் துளி அலைவை விட்டுவைக்கலாம். பலர் சேர்ந்து வாசிப்பது போன்ற அகலம் அதில் கிடைக்கும். தடித்த தந்தியோடு அலைவு விடக்கூடாது. விட்டால் அடித்தளம் கலங்கும். மேல் ஃபிரெட்டுகளில் தடித்ததும் மெல்லியதும் ஒரே அளவில் சுரம் விலகாது என்பதால், இரண்டுக்கும் குதிரையில் தனித்தனி நகர்வு இருக்கிற கருவியைத்தான் வாங்கவேண்டும்.

கையில் ‘பிக்’ வைத்து வாசிப்பதே பெரும்பாலோர் வழக்கம். மூன்று தந்தியையும் ஒரே வீச்சில் தொட விரல் நுனிக்கு வசதி போதாது. விரலை அழுத்தும்போது தடித்த தந்தி இறங்கிவிட்டது என்று நம்பி நிறுத்தினால், அருகிலுள்ள மெல்லிய தந்தி அரைகுறையாகச் சிணுங்கும். வேகமான ஓட்டங்களைக் குறைத்து, சுரங்களை நீட்டி வாசிக்கக் கற்றுக்கொள்ளவேண்டும். நான்கு தந்தியில் வேகம் காட்டிப் பழகிய இளைஞருக்கு இது முதலில் கட்டுப்போட்டது போலிருக்கும்.

எட்டுத் தந்தியோ பன்னிரண்டோ வாங்க இயலாதவர்கள் கையிலிருக்கும் நான்கு தந்தியிலேயே இதன் பாதிப் பலனைப் பெறலாம். தாழ்ந்த இரண்டு தந்திகளின் எந்தச் சுரத்துக்கும் இரண்டு தந்தி தள்ளி, இரண்டு ஃபிரெட் மேலே அதன் ஸ்தாயி இருக்கிறது. ஆட்காட்டி விரலும் சுண்டுவிரலும் அந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்க, நடுவிலுள்ள தந்தியை விரலின் அடிப்பக்கம் தொட்டு மௌனமாக்கும். புனல் ஒலிபெருக்கியில் பாட்டின் முக்கியமான திருப்பங்களில் மட்டும் இப்படிப் பிடித்தாலே பேஸ் எங்கே இருக்கிறது என்பது கடைசி லயம்வரை தெரியும்.

கோஷ்டியில் மற்றவர்களும் இதற்கு இடம் விடவேண்டும். இன்றைய தோட்டத்து மேடைகளில் கீபோர்டின் இடக்கை, ஒரு கிட்டாரின் தாழ்ந்த கோர்டு, மின் தாளப்பெட்டியின் உதை மூன்றும் வினாடிக்கு 80 முதல் 200 அதிர்வுக்குள் வந்து குவிகின்றன. ஸ்தாயித் தந்தி பேசவேண்டிய இடமும் அதுவேதான். பேஸ் கிட்டாரில் எத்தனை தந்தி கட்டினாலும் இந்த நெரிசலில் பயனில்லை. கீபோர்டு வாசிப்பவர் இடக்கையை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிக்கொண்டால், கிட்டார்க்காரர் மேல் மூன்று தந்திகளோடு நின்றால், தாளப்பெட்டியின் உதையைச் சற்றுக் குறைத்தால் போதும். காசு எதுவும் செலவில்லை. அந்த ஒழுங்கை ஒத்திகையிலேயே பேசி முடித்துக்கொண்டு மேடையேறும் கோஷ்டிக்கு, பெரிய ஒலிபெருக்கி இல்லாத இரவிலும் பேஸ் கேட்கும்.